டிரசரம்மா சொல்லச் சொன்னது

தோட்டத்துக்குள் புதிதாக யார் காலெடுத்து வைத்தாலும் அந்த அம்மாவிடமிருந்து தப்ப முடியாது. மாற்றலாகி வந்த வாத்தியார், புது லாரி டிரைவர், துணி மூட்டை சுமந்து வரும் வியாபாரி, கேட்டில் துப்பாக்கியோடு நிற்க வந்த காவல்காரன், எல்லாரும் அவருக்கு ஒன்றுதான். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நிற்பார்.

"கொஞ்சம் நில்லுங்க. எம் பொண்ணப் பத்திச் சொல்லணும்."

ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. சொல்வதும் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை. பின்னாலிருந்து பிடிக்கவும் கூடாது. பிடித்தால் கடித்துவிடுவாள், அது பயத்தில் செய்வது, கெட்ட குணம் இல்லை. முன்னால் வந்து முகத்தைக் காட்டிவிட்டு அப்புறம் தோளைத் தொட வேண்டும். பலகைத் தரையாக இருந்தால் காலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும், அதிர்வு பாதத்தில் ஏறித் திரும்பிப் பார்ப்பாள். இருட்டில் தனியாக விடவே கூடாது.

"நமக்கு இருட்டுல காது இருக்கு. அவளுக்கு வெளிச்சம் போச்சுன்னா எல்லாமே போச்சுங்க."

கடைசியாக ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். "நில்லுன்னு கத்தினா அவ நிக்க மாட்டா. கேக்கலன்னுதான் நிக்கல. சுட்டுடாதீங்க."

அதோடு விடவும் மாட்டார். "எங்க, இப்ப நீங்க சொல்லுங்க" என்பார். கேட்டவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். வாத்தியாரே என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்துகிறவரை டிரசர் என்போம். அவருடைய மனைவி என்பதால் டிரசரம்மா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

அது மலாயாவின் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். வெளியே பட்டாளமும் போலீசும். லிங்கிப் பக்கத்து மற்றத் தோட்டங்களைப் போலவே எங்கள் குடியிருப்பு லயங்களையும் முள்கம்பி வேலிக்குள் அடைத்து, பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று. காவலுக்கு இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பெரும்பாலும் கம்பத்திலிருந்து, அதாவது பக்கத்துக் கிராமங்களிலிருந்து, வந்த மலாய்க்கார இளைஞர்கள். அவர்களுக்கும் பயம். வேலியோரம் எது அசைந்தாலும் ஒரு தடவை, இரண்டு தடவை கத்துவார்கள். அதற்கு மேல் கத்த வேண்டியதில்லை என்பது உத்தரவு.

ஒரு சாயங்காலம் பாப்பா ஆட்டுக்குட்டியின் பின்னால் வேலிப் பக்கம் போயிருக்கிறாள். காவல்காரன் கத்தியிருக்கிறான். அவள் குனிந்து குட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். குழாயடியில் நின்ற ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டு நடுவில் போய் விழுந்தாள். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றிலிருந்து பாப்பாவுக்கு எல்லாச் சட்டையும் மஞ்சள்தான். தூரத்திலிருந்து பார்த்தாலே இன்னார் என்று தெரிய வேண்டும். அன்றிலிருந்துதான் டிரசரம்மாவின் இந்தச் சொல்லும் பழக்கமும் வந்தது.

அவர் கலியாணமாகி ஊரிலிருந்து கப்பலில் வந்தவர். பாசாரில் மீன் வாங்கப் போதுமான மலாய்தான் தெரியும். ஆகவே காவல்காரர்களுக்கு நடித்துக் காட்டுவார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவார். மகளை முதுகு காட்டி நிற்கவைத்து, பின்னால் நின்று கை தட்டுவார். அவள் அசைய மாட்டாள். பிறகு முன்னால் ஓடி வந்து முகத்தைக் காட்டுவார், அவள் சிரிப்பாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உடம்பை நடுக்கிக் காட்டுவார், இருட்டு என்பதற்கு. துப்பாக்கியைச் சுட்டிக்காட்டி, கையெடுத்துக் கும்பிடுவார். அத்தனை பேரும் புரிந்துகொண்டார்கள். ஒருவன்கூடப் புரியவில்லை என்று சொன்னதில்லை.

துரையையும் விடவில்லை. வெள்ளைக்காரர் என்றாலும் எங்கள் துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். அவருடைய பெரிய நாய் குரைத்துக்கொண்டு வந்தால் பாப்பாவுக்குக் கேட்காது, ஒதுங்கிப் போகத் தெரியாது என்று பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், அத்தனை ஆட்களுக்கு முன்னால், காலை வேளையில் அவரை நிறுத்திவைத்துச் சொன்னார். துரையும் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி அம்மா. நாய் கட்டுறான்" என்றார். "கட்டுறேன்னு சொல்லுங்க தொரை" என்று திருத்திவிட்டு அம்மா நகர்ந்தார். கங்காணிமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

அரசாங்கப் படம் காட்டும் வேன் வரும்போதும் அப்படித்தான். படம் ஓடும்போது விளக்கை அணைப்பார்களே, அதற்காக மெஷின்காரரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லி, மெஷினுக்குப் பக்கத்தில் பாப்பாவுக்கு ஒரு பெட்டியைப் போட்டு உட்காரவைத்துவிடுவார். அங்கே கொஞ்சம் வெளிச்சம் கசியும். மற்றப் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் மெஷினுக்குள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்களுக்கு, அதாவது ஆபீசில் இருந்த இளவட்டங்களுக்கு, இது கேலிக்கு வசதியாக இருந்தது. நான் சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளியில் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, சின்னக் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வந்தவன். தோட்டத்தில் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றையும் சரளமாகப் பேசியவன் நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. "ஏய், ரேடியோ வருதுலா, ஓடு" என்போம். கிளப்பில் கேரம் ஆடும்போது என்னை நடிக்கச் சொல்வார்கள். நானும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி நடுங்கி, "எங்க, இப்ப நீங்க சொல்லுங்க" என்று முடிப்பேன். கிளப்பே சிரிக்கும். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் வாசலில் டிரசர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர்.

பினாங்கில் காது கேட்காத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள், அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்ற செய்தியைக் கொண்டு வந்தவர் டிரசர்தான். சிரம்பானில் ஒரு டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. டிரசர் அனுப்பத்தான் வேண்டும் என்றார். அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை. மகள் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. வாசலில் உட்கார்ந்து மண்ணில் குச்சியால் அவளுக்கு எழுத்துப் போட்டுக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முகம் தெரியாதவர்களிடம் விட வேண்டுமே.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் இருவரும் பாப்பாவை அழைத்துக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வந்தார்கள். கம்பெனிக்கு அங்கே ஒரு பலகை வீடு உண்டு. கிராணி, டிரசர், வாத்தியார் என்று உத்தியோகத்தில் இருப்பவர்களின் குடும்பங்கள் முறை வைத்து வந்து தங்கிப் போகும். அந்த மாதம் அதன் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். என்னைத் தவிர ஹைனான் சீனர் ஒருவர் சமையலுக்கு. பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் பங்களா இருந்ததால் இரண்டுக்கும் சேர்த்து வேலி போட்டு, இரண்டு மலாய்க்காரக் காவல்காரர்களை வைத்திருந்தார்கள். ஒருவர் நடுத்தர வயது. மற்றவன் மீசை முளைக்கும் பருவம்.

வந்த அன்றே அம்மா சமையல்காரரைப் பிடித்துவிட்டார். பொதுவான பாஷை எதுவும் இல்லை. நடிப்புத்தான். அந்த மனிதர் கரண்டியைக் கையில் வைத்தபடி முழுவதையும் பார்த்தார். பிறகு பாப்பாவின் எதிரே போய்க் குந்தி, தன் முகத்தைக் காட்டி, அப்புறம் தோளைத் தொட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி? சொன்னா கேக்குறவங்க எல்லா எடத்துலயும் இருக்காங்க."

மணலில் ஒரு சிக்கல் வந்தது. பாப்பா அலையோரம் குனிந்து நின்றாள். அம்மா வழக்கம்போலக் காலால் தட்டினார். அவள் திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். கணுக்கால்வரை புதைந்ததுதான் மிச்சம்.

"இங்க தரை ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது தம்பி" என்றார். முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலமே சொல்ல வேண்டியவற்றில் அதையும் சேர்த்துக்கொண்டார்: மணலில் தட்டிப் பயனில்லை, சுற்றி ஓடி முன்னால்தான் போக வேண்டும்.

மறுநாள் அவர் என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கு நானும் அவரும் சிரம்பானுக்குப் போயி அந்த டாக்டரப் பாக்கப் போறோம். பாப்பாவ இங்க விட்டுட்டுப் போறேன்."

"ஏன்மா, கூட்டிட்டுப் போகலாமே?"

"இல்ல. ஒரு பகல் நான் இல்லாம இருக்கட்டும். என்ன செய்யணும்னு நல்லா வெளங்கச் சொல்லிட்டுப் போனா, சொந்தம் இல்லாதவங்க பாத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியணும். பாத்துக்கிட்டா பினாங்குக்கு அனுப்பறேன். இல்லன்னா இல்ல. அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

ஆகவே எனக்குத் தெரியும். என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்புமுன், காவல்காரர்கள் இருவரையும் கூப்பிடச் சொன்னார். வந்தார்கள். அம்மா பாப்பாவை முதுகு காட்டி நிற்கவைத்தார். கையைத் தட்டப் போனார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. உத்தியோகஸ்தர் வீட்டு அம்மா, நல்ல புடவை கட்டிக்கொண்டு, சின்னப் பையன் முன்னால் காதைப் பொத்திக்கொண்டு ஆடப் போகிறாரே என்று. கிளப்பில் நானே ஆடிக்காட்டிய ஆட்டம் அது என்பதாலோ என்னவோ, அதை நேரில் பார்க்க என்னால் முடியவில்லை.

"அம்மா, இதெல்லாம் வேணாம்மா. நான் இருக்கேன்ல? நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் மலாய்ல சொல்றேன்."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அதுவும் சரிதான். நடிச்சுக் காட்டுறதுல ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிடும். நீங்க சொன்னா எல்லாம் சரியாப் போயிச் சேரும்" என்றார்.

சொன்னார். காது, பின்னால் பிடிக்கக் கூடாதது, முகம், தோள், மணல், இருட்டு, துப்பாக்கி. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்து நிறுத்தி, நான் தலையாட்டியதும் அடுத்தது. காவல்காரர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெளியே ரோட்டில் என் சிநேகிதர்கள் இருவர் சைக்கிளில் வந்து மணியடித்தார்கள். டவுனில் பூப்பந்துப் போட்டி. நான் ஆடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

அம்மா முடித்தார். நான் காவல்காரர்களைப் பார்த்து, "பூடாக் இனி கீலா" என்றேன். இந்தப் பிள்ளைக்குப் பைத்தியம். வேலிப் பக்கம் விடாதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

செவிடு என்பதற்கு மலாய் வார்த்தை எனக்குத் தெரியாமல் இல்லை. செவிடு என்றால் அவர்கள் கேள்வி கேட்பார்கள். எப்படிக் கூப்பிடுவது, என்ன செய்வது என்று. பைத்தியம் என்றால் கேட்க ஒன்றுமில்லை. பேச்சு அங்கே முடிந்துவிடும். அதற்காகத்தான் சொன்னேன்.

"அவ்வளவுதானா தம்பி?" என்றார் அம்மா.

"மலாய்ல எல்லாம் சுருக்கமா வரும்மா."

"எங்க, அவங்கள ஒருதடவ திருப்பிச் சொல்லச் சொல்லுங்க."

மூத்த காவல்காரரிடம், இந்த அம்மா கவலைப்படுகிறார், ஏதாவது ஆறுதல் சொல்லுங்கள் என்றேன். அவர் பாப்பாவைப் பார்த்தார். "காசியான்" என்றார், பாவம் என்று. அம்மாவிடம் திரும்பி, கவலைப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம், எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு என்று கொஞ்ச நேரம் பேசினார். நல்ல மனிதர்.

"எல்லாத்தையும் சரியாச் சொல்றாரும்மா" என்றேன்.

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாப்பாவின் முகத்தைத் திருப்பி, கையசைவில் ஏதோ சொன்னார். சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லியிருப்பார். பாப்பா தலையாட்டினாள். அழவில்லை. இருவரும் பஸ் ஏறினார்கள்.

கொஞ்ச நேரம் நான் இருந்தேன். பிறகு, ஆடி முடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். சமையல்காரர் இருக்கிறாரே என்று நினைத்தேன். அவர் மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பாசாருக்குப் போவார் என்பதை நினைக்கவில்லை.

பிற்பகலில் நடந்ததைப் பிறகு இளைய காவல்காரன் எனக்குச் சொன்னான். கடல் உள்வாங்கியிருந்தது. வேலி தண்ணீருக்குள் போய் முடியும் இடத்தில் வெறும் சேறு. பாப்பா நண்டைத் துரத்திக்கொண்டு அந்தக் கடைசிக் கம்பத்தைச் சுற்றி வெளியே போய்விட்டாள். இவன் கத்தினான். அவள் நிற்கவில்லை. மறுபடி கத்தினான். துப்பாக்கியை எடுத்துவிட்டான். மூத்தவர்தான், அது அந்தப் பைத்தியக்காரப் பிள்ளை, மஞ்சள் சட்டையைப் பார் என்று அவன் கையைத் தட்டிவிட்டு ஓடினார். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கினார். கடித்தாள். கையில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. உதைத்தாள். மறுபடியும் வெளியே ஓடப் பார்த்தாள். வெளியே இன்னொரு ரோந்துக்காரன் கண்ணில் பட்டால் சுட்டுவிடுவான் என்று பயந்து, வீட்டுக்குக் கீழே மெத்தையும் துடுப்பும் போட்டுவைக்கும் சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கம்பத்தில் புத்தி பேதலித்தவர்களுக்கு வெறி அடங்கும்வரை அப்படித்தான் செய்வார்களாம். கதவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் தள்ளியிருந்தார்கள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

நான் சைக்கிளில் திரும்பியதும் டிரசரும் அம்மாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்ததும் ஒரே நேரத்தில். கேட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. பாப்பாவுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அது அழுகையைப் போல இல்லை. அம்மா பையைப் போட்டுவிட்டு ஓடினார். கதவைத் திறந்தபோது அவள் கதவோடு சேர்ந்து வெளியே விழுந்தாள். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. பலகைக் கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல். அம்மா முன்னால் மண்டியிட்டு முகத்தைக் காட்டினார். பாப்பா அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

டிரசர் மருந்துப் பெட்டியைத் திறந்து விரல்களுக்குக் கட்டுப் போட்டார். பிறகு மூத்த காவல்காரரைக் கூப்பிட்டு, அவருடைய கையையும் கழுவிக் கட்டினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது அம்மாதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் அவங்களுக்குச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேம்மா."

"இருட்டுல விடக் கூடாதுன்னு?"

"சொன்னேன்."

"பின்னால போயிப் புடிக்கக் கூடாதுன்னு?"

"எல்லாம் சொன்னேம்மா. அவங்கதான் கேக்கல."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆபீஸ் தம்பி, படித்த தம்பி, பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவன். நம்பினார்.

"அப்ப, சொல்லியும் இப்படித்தான்" என்றார். "நான் இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லியிருந்தா சரியா இருக்குமோன்னு நெனச்சேன். அது இல்ல. சொன்னாலும் கேக்க மாட்டாங்க. தெரிஞ்சுக்கிட்டேன்."

பிறகு டிரசரிடம் போய், "பினாங்கு வேணாம்" என்றார். டிரசர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிப் பார்த்தார். சிரம்பான் டாக்டர் அன்றுதான் எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்லி, இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். அம்மா, "சொல்லிப் பாத்தாச்சு" என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மூத்த காவல்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ராத்திரி சமையல்காரர் அவரிடம் நடித்துக் காட்டியிருக்கிறார் போலிருக்கிறது. என்னிடம் மலாயில் சொன்னார்: "கிராணி, அந்தப் பிள்ளைக்குப் பைத்தியம் இல்லை, காதுதான் கேட்காது என்று ஏன் சொல்லவில்லை? என் அக்கா மகனும் அப்படித்தான். என் மடியில் வளர்ந்தவன். தெரிந்திருந்தால் நான் கடல்பக்கமாகச் சுற்றிப் போய் முன்னால் நின்றிருப்பேன். இந்த அம்மாவிடம் அதைச் சொல்."

அம்மா மூட்டையை முடிச்சுப் போட்டபடி, "என்னவாம்?" என்றார்.

"மன்னிப்புக் கேக்குறாரும்மா" என்றேன்.

"கேக்கட்டும்" என்றார் அம்மா. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்றார். நான் சொன்னது அவர் சொன்னதைவிடக் குட்டையாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்த பார்வை அப்படி. பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு டிரசரம்மா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. புதுக் காவல்காரன் வந்தான், புது வாத்தியார் வந்தார். பாப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அதனால் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸின் முன்கதவு பகலிலும் சாத்தியிருக்கும். மண்ணில் எழுத்துப் போட்டுக் காட்டுவதும் நின்றுபோனது. கிளப்பில் ஒருநாள் யாரோ என்னை ரேடியோ நடிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு மனசாட்சி இருந்தது. குவாட்டர்ஸ் அங்கேயிருந்து ஒரு கூப்பிடு தூரம். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வருடமே பாப்பா பினாங்குக்குப் போயிருப்பாள். சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மையில்லை. வேலை போயிருக்காது. அந்த அம்மா என்னைக் கேவலமாகப் பார்ப்பார். அதற்குத்தான் பயந்தேன்.

அடுத்த வருடமே மாற்றல் கேட்டு நீலாய்ப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டேன். கலியாணம், பிள்ளைகள், பெரிய கிராணி, ஓய்வு. வேலிகளைப் பிரித்தார்கள், காவல்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள், நாடு சுதந்திரம் அடைந்தது. கடைசியில் தோட்டங்களும் போய் அங்கெல்லாம் தொழிற்சாலைகள் வந்தன. டிரசர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போகவில்லை.

கொஞ்ச காலத்துக்கு முன்பு லுக்குட்டில் ஒரு மளிகைக்கடை வாசலில் அவர்களைப் பார்த்தேன். நரைத்த இரண்டு பெண்கள், ஒருவர் ரொம்பவும் தளர்ந்தவர். பாப்பா கையசைத்து ஏதோ சொன்னாள். அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, தடவித் தடவி, அது என்னவென்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் போய்விட்டது. அந்தக் கையசைவுகள் பள்ளியில் படித்தவை அல்ல. வீட்டுக்குள்ளேயே இருவரும் உண்டாக்கிக்கொண்டவை. இந்த உலகத்தில் அவற்றைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அந்த ஒருவர்தான். அவரும் இப்போது தடவிப் பார்க்கிறார். மளிகைக்காரர் பொறுமையில்லாமல் காத்திருந்தார். நான் காரிலிருந்து இறங்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வயதானவனுக்கு அப்படித் தோன்றும். விசாரித்து அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். பாப்பா கடைக்குப் போயிருந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும், "அட, சின்னக் கிராணித் தம்பியா? வாங்க, வாங்க. கொரலு மாறிப்போச்சே" என்றார். அந்த வரவேற்பைத் தாங்க முடியவில்லை. உட்காருவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"அம்மா, அன்னைக்குப் போர்ட்டிக்சன்ல நீங்க சொல்லச் சொன்னது எதையும் நான் அவங்ககிட்ட சொல்லல."

எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியம் என்று சொன்னதை, பூப்பந்தை, பொய்யை, அந்தக் காவல்காரருடைய அக்கா மகனை. இந்த முறை ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசவே இல்லை.

"அப்ப அவங்க மேல தப்பில்ல" என்றார்.

"இல்லம்மா."

"அனுப்பியிருக்கலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது தெரிந்திருக்காது.

"அவரு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, புள்ளய அனுப்பியிருக்கலாம், இன்னொருதடவ பாத்திருக்கலாம்னு. நான்தான், சொல்லிப் பாத்தாச்சு, சொன்னாலும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லி அவரு வாய அடைச்சேன். கடைசியில அவரு பேசுறதயே விட்டுட்டாரு." நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் செஞ்சது சரிதான்னு நெனச்சுத்தான் தம்பி இத்தன வருஷம் படுத்து எந்திரிச்சேன். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிச்சேன்னு சொன்னா கெளம்பிடுவீங்களா?"

நான் வாசலைப் பார்த்தேன்.

"சரி, மன்னிச்சுட்டேன். அவ வர்ற நேரம். உங்க மொகத்தப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும், மொகத்த மட்டும் மறக்க மாட்டா. கெளம்புங்க."

செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் எந்த வழியாக வருவாள் என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரமாக ஒரு சந்து போயிற்று. அதன் வழியாகப் போனேன்.